மணிக்கட்டில் நெருக்கம், முன்கையில் தாமதம்

நடு இரவில் கை மரத்துப்போய், விரல்கள் எரிய, எழுந்து கையை உதறுவோர் பலர். வாயு என்று எண்ணித் தைலம் தேய்ப்பார்கள். பெருவிரல், சுட்டுவிரல், நடுவிரல், மோதிரவிரலில் பாதி ஆகியவை மட்டும் மரத்து, சுண்டுவிரல் நலமாக இருந்தால் மணிக்கட்டைத்தான் ஐயுற வேண்டும்.

மணிக்கட்டில் ஒரு குறுகிய சுரங்கவழி உள்ளது. அதன் அடியிலும் பக்கங்களிலும் சிறு எலும்புகள். மேலே கூரைபோல ஒரு தடித்த நார்ப்பட்டை. விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும் மீடியன் நரம்பும் இதனுள் செல்கின்றன. நாண்களின் உறை வீங்கினாலும், கர்ப்ப காலத்தில் நீர் கோத்தாலும் உள்ளே அழுத்தம் மிகும். எலும்பும் பட்டையும் விலகிக் கொடுப்பதில்லை, நசுங்குவது நரம்பே. இதுவே கார்ப்பல் டனல் நோய்.

நசுங்கும் இடம் மணிக்கட்டு. ஆனால் நோயாளர் சிலருக்கு, அதற்கு மேலே முன்கையிலும் நரம்பின் வேகம் குறைந்து காணப்படுகிறது. ஏன்?

வேகத்தை எப்படி அளக்கிறார்கள் என்று முதலில் பார்ப்போம். முழங்கையிலும் மணிக்கட்டிலும் தனித்தனியே மின்துடிப்புக் கொடுத்து, பெருவிரலடித் தசை இயங்க ஆகும் நேரத்தைக் குறிப்பார்கள். இரு நேரங்களின் வேறுபாடே முன்கையைக் கடக்க ஆன நேரம். 22 செ.மீ. தூரத்தை 4 மில்லி விநாடியில் கடந்தால், வேகம் விநாடிக்கு 55 மீட்டர். இது நலமான நரம்பின் வேகம்.

வேகம் குறைவதற்கு இரு விளக்கங்கள் உண்டு. நரம்பு என்பது பல இழைகள் சேர்ந்த கற்றை. தடித்த இழைகளில் செய்தி விரைந்து செல்லும். அவை மணிக்கட்டில் தடைப்பட்டால், மெதுவான இழைகளின் செய்தியே தசையை எட்டும். அப்போது முன்கை நலமாயிருந்தும் கணக்கில் வேகம் குறையும். இது முதல் விளக்கம். நெடுநாள் நசுங்கிய இழை, நசுங்கிய இடத்துக்கு மேலேயும் மெலிந்துபோகிறது என்பது இரண்டாவது. மெலிந்த இழையில் செய்தி உண்மையாகவே மெதுவாகச் செல்லும்.

ஆகவே முன்கையில் தாமதம் தெரிந்தால் அங்கே வேறொரு நோய் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மணிக்கட்டின் பாதிப்பு முற்றியதன் அடையாளமாகவும் அது இருக்கலாம்.

தொடக்கத்திலேயே கவனித்தால், இரவில் மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டையே பலருக்குப் போதும். முற்றினால் அறுவையில் நார்ப்பட்டையை வெட்டி வழியை அகலப்படுத்துவர். பெருவிரலடித் தசை சூம்பியபின் வந்தால், பழைய வலிமை முழுதும் திரும்பாமற் போகலாம். சட்டைப் பொத்தான் போடத் தடுமாறும் விரல்களுக்குத் தைலம் மருந்தாகாது.