பெட்ரோலா, டீசலா, மின்சாரமா?

கோவையில் எனக்குத் தெரிந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன் டீசல் கார் வாங்கினார். பெட்ரோலைவிட டீசல் விலை குறைவு. லிட்டருக்கு ஓடும் தூரமோ அதிகம். ஆகவே டீசல்தான் சிக்கனம் என்பது அவர் போட்ட கணக்கு. வீட்டிலிருந்து பள்ளிக்கு 6 கிலோமீட்டர். காலையில் 6, மாலையில் 6. ஓராண்டு முடிவதற்குள் காரின் முகப்பில் மஞ்சள் விளக்கு ஒன்று எரியத் தொடங்கியது. பட்டறைக்குக் கொண்டு போனார். மெக்கானிக் பார்த்துவிட்டு, "சார், புகை வடிகட்டி அடைத்துக்கொண்டது. நீங்கள் வண்டியைச் சரியாக ஓட்டுவதே இல்லை, அதுதான் கோளாறு" என்றார். நாள் தவறாமல் காரில் போய்வரும் மனிதருக்கு இதைக் கேட்டு எப்படி இருந்திருக்கும்!

ஆனால் மெக்கானிக் கூறியது முற்றிலும் சரி. எப்படி என்று தெரிந்துகொண்டால், கார் வாங்க நினைப்பவர்கள் எல்லாரும் கேட்கும் கேள்விக்கும் விடை கிடைத்துவிடும்.

ஒரே படியால் அளப்போம்

பெட்ரோலையும் டீசலையும் லிட்டரில் வாங்குகிறோம். மின்சாரத்தை யூனிட்டில் வாங்குகிறோம். ஒன்றைப் படியாலும் மற்றொன்றைத் தராசாலும் அளந்தால் ஒப்பிட முடியாது. எனவே மூன்றையும் யூனிட்டிலேயே அளந்து பார்ப்போம். 1000 வாட் இஸ்திரிப்பெட்டி ஒரு மணி நேரம் எரிந்தால் செலவாவது ஒரு யூனிட். இது உங்களுக்குப் பழக்கமான அளவுதான்.

ஒரு லிட்டர் பெட்ரோலை முழுவதும் எரித்தால் ஏறத்தாழ 9 யூனிட் வெப்பம் கிடைக்கும். ஒரு லிட்டர் டீசலில் இருப்பது ஏறத்தாழ 10 யூனிட். நம் நாட்டில் 2025-ஆம் ஆண்டில் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலை வந்துவிட்டது. எத்தனாலுக்கு வெப்பம் குறைவு. ஆகையால் கலந்த பெட்ரோலில் லிட்டருக்கு 8 யூனிட்டுக்குச் சற்று மேல்தான் இருக்கும்.

சிறிய பெட்ரோல் கார் ஒன்று நகரத்துக்குள் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் ஓடுவதாகக் கொள்வோம். கிலோமீட்டருக்கு அரை யூனிட்டுக்கு மேல் செலவாகிறது. அதே அளவுள்ள மின்சாரக் கார், வீட்டு மீட்டரில் பார்த்தால், கிலோமீட்டருக்கு 0.15 யூனிட் அளவில் எடுத்துக்கொள்கிறது. சாலை ஒன்று, எடையும் ஏறக்குறைய ஒன்று. அப்படியானால் பெட்ரோல் காரில் மீதி ஆற்றல் எங்கே போயிற்று?

நகரத்தில் தடுமாறும் எந்திரம்

காரின் முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். பாதி விடை அங்கேயே இருக்கிறது. வெப்பத்தை வேலையாக மாற்றும் எந்த எந்திரமும் ஒரு பங்கு வெப்பத்தை வெளியே விட்டே ஆகவேண்டும். பிரெஞ்சு நாட்டு சாடி கார்னோ இதை 1824-லேயே கண்டு சொன்னார். ஜெர்மனியில் நிக்கோலஸ் ஆட்டோ 1876-ல் உருவாக்கிய நான்கு வீச்சு எந்திரத்தின் வழியில் வந்தவையே இன்றைய பெட்ரோல் எந்திரங்கள். நல்ல எந்திரம், தனக்குப் பிடித்த வேகத்தில், தனக்குப் பிடித்த சுமையோடு ஓடும்போது 100 பங்கு வெப்பத்தில் 35 முதல் 40 பங்கு வரை வேலையாக மாற்றும்.

நகரத்தில் அந்தப் பிடித்த வேகம் எத்தனை நிமிடம் வாய்க்கிறது? சிவப்பு விளக்கில் நிற்கும்போது எந்திரம் பெட்ரோலைக் குடித்துக்கொண்டு சும்மா சுற்றுகிறது. மெதுவாக ஊரும்போது, எந்திரத்துக்குள் போகும் காற்று வழியை ஒரு தகடு முக்கால் பாகம் மூடியிருக்கிறது. மூக்கைப் பொத்திக்கொண்டு மூச்சு இழுப்பது போல, அந்தச் சிறு இடைவெளி வழியே காற்றை உறிஞ்சுவதற்கே பிஸ்டன் பாடுபட வேண்டியிருக்கிறது. காலையில் குளிர்ந்து கிடக்கும் எந்திரம் முதல் சில கிலோமீட்டருக்குக் கூடுதலாகவே எரிபொருள் கேட்கும். இத்தனையும் சேர்ந்து 35 பங்கு என்பது 20 பங்காகவும் அதற்குக் கீழேயும் இறங்கிவிடுகிறது.

போதாக்குறைக்கு பிரேக். ஆட்களோடு 1300 கிலோ எடையுள்ள கார் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் போய்க்கொண்டிருக்கும்போது அதனிடம் சுமார் 1,25,000 ஜூல் இயக்க ஆற்றல் இருக்கிறது. பிரேக் போட்டதும் அது பிரேக் தகட்டில் வெப்பமாகிக் காற்றோடு போகிறது. 29 முறை இவ்வாறு நின்றால் ஒரு யூனிட் போயிற்று. நினைவிருக்கட்டும், இது சக்கரத்தில் கிடைத்த ஒரு யூனிட். அதைப் பெறுவதற்கு 5 யூனிட் பெட்ரோலை எரித்திருக்கிறோம்.

டீசலுக்கு வேண்டியது நீண்ட சாலை

ருடால்ஃப் டீசல் தம் எந்திரத்தை ஆக்ஸ்பர்க் நகரில் 1897-ல் வெற்றியுடன் ஓட்டிக் காட்டினார். தீப்பொறி வேண்டாம், காற்றை மட்டும் சிலிண்டருக்குள் இழுத்து, அதைப் பதினைந்தில் ஒரு பங்குக்கும் குறைவாக நெருக்கினால், எண்ணெய் தானே பற்றிக்கொள்ளும் அளவுக்கு அது சூடேறிவிடும். பெட்ரோல் எந்திரத்தில் இந்த நெருக்கம் பொதுவாக பத்தில் ஒரு பங்கை ஒட்டித்தான். அதிகம் நெருக்கிப் பின் விரியவிடுவதால் டீசல் எந்திரம் பெட்ரோல் எந்திரத்தைவிட வெப்பத்தில் கூடுதல் பங்கை வேலையாக்குகிறது. காற்று வழியை மூடும் தொல்லையும் இங்கே பெரும்பாலும் இல்லை. ஆகையால் நகரத்திலும் அது பெட்ரோலைவிடச் சிக்கனம்தான்.

அப்படியானால் ஆசிரியரின் கணக்கில் பிழை எங்கே? புகையில்தான். டீசல் துளி சிலிண்டருக்குள் தெளிக்கப்பட்ட உடனே எரிகிறது. காற்றோடு நன்றாகக் கலக்க நேரம் போதாது. அரைகுறையாக எரிந்த பகுதி கரித்துகளாகிறது. நுரையீரலின் அடி ஆழம் வரை போகக்கூடிய நுண்துகள் அது. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2012-ல் அறிவித்தது. நம் நாட்டில் 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் நிலை 6 என்னும் புகை விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதிக்குப் பொருந்த வேண்டுமானால் டீசல் கார்களின் புகைக்குழாயில் துகள் வடிகட்டி வேண்டியதாயிற்று. செலவு கூடுகிறதென்று மாருதி சுசூகி நிறுவனம் அந்த ஆண்டிலேயே டீசல் கார்களை நிறுத்திவிட்டது.

இந்த வடிகட்டி தேன்கூடு போன்ற நுண்துளைகள் கொண்டது. கரி சேரச்சேர அடைத்துக்கொள்ளும். கழற்றிக் கழுவும்படியான பொருள் அன்று. தானே தன் கரியை எரித்துச் சாம்பலாக்கிக்கொள்ளும்படி அமைத்திருக்கிறார்கள். அதற்கு 550, 600 டிகிரி செல்சியஸ் வெப்பம் தேவை. எந்திரம் நன்கு சூடாகி, நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் கால் மணி நேரம், இருபது நிமிடம் ஓடினால்தான் அந்த வெப்பம் வந்து நிலைக்கும். ஆறு கிலோமீட்டரில் எந்திரம் சூடேறுவதற்குள் பள்ளி வந்துவிடுகிறது! வடிகட்டியைச் சூடேற்ற எந்திரம் கொஞ்சம் கூடுதலாக டீசலைத் தெளித்துப் பார்க்கிறது. வேலை பாதியில் நின்றால் அந்த டீசலில் ஒரு பகுதி எந்திர எண்ணெயில் கலந்து அதையும் நீர்க்கச் செய்கிறது. ஒவ்வொரு நாளும் 80, 100 கிலோமீட்டர் வெளியூர்ச் சாலையில் ஓடும் விற்பனைப் பிரதிநிதிக்கு இதே வடிகட்டி இருப்பதே தெரியாது.

பழைய புதுமை

மின்சாரக் கார் நேற்று வந்தது என்று எண்ணாதீர்கள். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தை முதன்முதலாகக் கடந்த கார் 1899-ல் பெல்ஜியத்தைச் சேர்ந்த காமில் ஜெனாட்ஸி ஓட்டிய மின்சாரக் கார்தான். பெட்ரோல் கார்களை அந்நாளில் கைப்பிடியால் சுற்றிக் கிளப்ப வேண்டும். கை முறிந்தவர்கள் உண்டு. 1912-ல் அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டர் காடிலாக் கார்களில் வந்ததும், மின்சாரக் காரின் பெரிய வசதி ஒன்று பறிபோயிற்று. மின்சாரக் காரைப் பின்னுக்குத் தள்ளியதில் ஒரு மின்மோட்டாருக்கும் பங்கு உண்டு என்பது வேடிக்கைதான்.

மின்மோட்டார் தனக்குக் கிடைக்கும் மின்சாரத்தில் 90 விழுக்காட்டுக்கு மேல் சுழற்சியாக மாற்றுகிறது. நிற்கும்போது சுற்றுவதில்லை. மேலும், அதையே வெளியிலிருந்து சுழற்றினால் அது மின்னாக்கி ஆகிவிடும். பிரேக் போடும்போது சக்கரம் மோட்டாரைச் சுழற்ற, மின்சாரம் பாட்டரிக்குத் திரும்பி ஏறுகிறது.

இதன் பயனை நன்கு காண நீலகிரிக்கு வாருங்கள். உதகையிலிருந்து குன்னூர் வழியாக மேட்டுப்பாளையம் சுமார் 50 கிலோமீட்டர். இறக்கம் ஏறத்தாழ 1900 மீட்டர். 1500 கிலோ எடை அத்தனை உயரம் இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் 7.8 யூனிட். சாலை உராய்வும் காற்றும் எடுத்துக்கொண்டது போக, மூன்று நான்கு யூனிட் பாட்டரியில் சேரும். அதாவது மலையுச்சியில் இருந்ததைவிட அடிவாரத்தில் பாட்டரி நிறைந்திருக்கும்! பெட்ரோல் கார் இதே ஆற்றலை எந்திரத்தின் இழுவையிலும் பிரேக்கிலும் வெப்பமாக்கிக் கரைத்துவிடுகிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை: உதகையிலேயே பாட்டரியை முழுதும் நிரப்பிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைந்த குடத்தில் நீர் கொள்ளாது. இந்தப் பிரேக் சரியாக வேலை செய்யாமல், பாரம் முழுவதும் சாதாரணப் பிரேக்கின் மீது விழும்.

சமவெளி நெடுஞ்சாலையில் கதை வேறு. காற்றின் தடை வேகத்தின் இருமடியாக உயர்கிறது. மணிக்கு 110 கிலோமீட்டரில் போனால் நகரத்தில் ஆவதைப்போல ஒன்றரை மடங்கு மின்சாரம் செலவாகும். திரும்பப் பெறுவதற்கு அங்கே பிரேக்கும் இல்லை. சென்னையிலிருந்து மதுரைக்குப் போகிறவர் வழியில் ஓரிரு முறை நின்று மின்னேற்ற வேண்டும். அந்தப் பாதையில் டீசல் கார் நிம்மதியாக ஓடும்.

புகை எங்கே போயிற்று?

"மின்சாரக் காரில் புகையே இல்லை" என்று விளம்பரம் செய்கிறார்கள். தெருவைப் பொறுத்தவரை அது உண்மை. நெரிசலான சாலையோரப் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் அது சிறிய நன்மை அன்று. ஆனால் 0.15 யூனிட் மின்சாரம் வானத்திலிருந்து விழுவதில்லை. நிலக்கரியில் எடுத்தால், ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறக்குறைய மூன்று யூனிட் வெப்பம் எரிக்க வேண்டும். கார்னோவின் விதி மேட்டூரிலும் நெய்வேலியிலும் கூடச் செல்லும் அல்லவா? இந்தியா முழுவதற்கும் சராசரியாக ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது. கம்பி வழியில் ஏற்படும் இழப்பையும் சேர்த்தால் மின்சாரக் காருக்குக் கிலோமீட்டருக்கு 125 கிராம் என்று வரும். நாம் சொன்ன பெட்ரோல் காரின் குழாயிலிருந்து வருவது 140 முதல் 150 கிராம். கச்சா எண்ணெயைச் சுத்திகரித்துக் கொண்டுவரும் செலவு பெட்ரோல் பக்கம் ஏறும். பாட்டரி செய்யும் செலவு மின்சாரத்தின் பக்கம் ஏறும். வித்தியாசம் உண்டு, ஆனால் பலர் நினைக்கும் அளவுக்கு இன்று இல்லை. ஆடிக் காற்றில் முப்பந்தல் காற்றாலைகள் சுழலும்போதும், நண்பகல் வெயிலில் சூரியத் தகடுகள் வேலை செய்யும்போதும் மின்னேற்றினால் மின்சாரத்தின் பக்கம் தட்டு நன்றாகத் தாழும்.

பென்சிலை எடுங்கள்

இனிப் பணக் கணக்கு. விலைகள் மாறுபவை. நான் போடும் எண்கள் கணக்குக்காக மட்டுமே. நீங்கள் உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், 15 கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 6 ரூபாய் 67 காசு. டீசல் 92 ரூபாய், 19 கிலோமீட்டர் என்றால் 4 ரூபாய் 84 காசு. மின்சாரம் யூனிட் 9 ரூபாய் என்றால் 1 ரூபாய் 35 காசு. (வீட்டு மின்கட்டணம் யூனிட் கூடக்கூடப் படிப்படியாக உயரும். கார் யூனிட்டுகள் உங்கள் கணக்கின் மேற்படியில்தான் போய் விழும். அதனால்தான் 9 என்று வைத்தேன்.)

மின்சாரக் கார் விலை பெட்ரோல் காரைவிட 4 லட்சம் கூடுதல் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 30 காசு மிச்சமாவதால் 75,000 கிலோமீட்டர் ஓட்டிய பின்பே அந்தப் பணம் திரும்பும். நாளுக்கு 40 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓட்டுகிறவருக்கு ஆறு ஆண்டும் சில மாதமும் ஆகும். பல நிறுவனங்கள் பாட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் தருகின்றன. கணக்கு அதற்குள் அடங்கிவிடுகிறது. நாளுக்கு 12 கிலோமீட்டர் ஓட்டும் நம் ஆசிரியருக்கோ 21 ஆண்டு! டீசல் காருக்குக் கூடுதல் விலை 1,25,000 ரூபாய் என்றால், அவருக்கு அது திரும்பவும் 19 ஆண்டு ஆகும். சிறிதளவே ஓட்டுகிறவருக்கு நகரத்தில் தடுமாறும் அந்தப் பெட்ரோல் காரே பணத்தளவில் மலிவு என்று வருகிறது. வீணாவது அதிகம்தான், ஆனால் வீணாவதற்கு மொத்தமே கொஞ்சம்தான் இருக்கிறது.

மின்சாரக் கார் என்று முடிவு செய்பவர் முதலில் பார்க்க வேண்டியது கடையை அன்று, தம் வீட்டுச் சுவரை. ஏ.சி.க்குப் போடும் 15 ஆம்பியர் பிளக் ஒன்று காரின் பக்கத்தில் இருந்தால், 40 கிலோமீட்டருக்கு வேண்டிய 6 யூனிட்டை இரண்டு மூன்று மணி நேரத்தில் ஏற்றிவிடலாம். எர்த் கம்பி சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைக் கொண்டு சோதித்துவிடுங்கள். மணிக்கணக்கில் பெரும் மின்னோட்டம் பாயும் இடம் அது. அடுக்குமாடியில் குடியிருப்பவருக்கு அந்த ஒரு பிளக் கிடைக்காவிட்டால் மேலே சொன்ன 1 ரூபாய் 35 காசும் கிடையாது. பொது மின்னேற்று நிலையங்களில் யூனிட் விலை பெரும்பாலும் வீட்டைவிடக் கூடுதல்.

ஆசிரியரின் காருக்கு மெக்கானிக் ஒரு வைத்தியம் சொன்னார். வாரம் ஒருமுறை, வண்டி நன்றாகச் சூடேறும்படி நீண்ட சாலையில் ஓட்டவேண்டும். இப்போது அவர் ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பத்தோடு பொள்ளாச்சி சாலையில் கிணத்துக்கடவு வரை போய் வருகிறார். மஞ்சள் விளக்கு பிறகு எரியவில்லை. போகவர 45 கிலோமீட்டர். பள்ளிக்குப் போய்வர வாரம் முழுவதும் அவர் ஓட்டுவது 60.