ஜவ்வாது மலைக்கு குடும்பத்தோடு வேனில் போகிறீர்களா? வாடகை பேசும் முன் இதைப் படியுங்கள்!

லீவு விட்டால் போதும். "எல்லாரும் ஒண்ணா எங்கயாவது போயிட்டு வரலாமே" என்று வீட்டில் பேச்சு கிளம்பி விடும். மாமா வீடு, அத்தை வீடு, சித்தப்பா வீடு என்று ஆள் சேரும். கணக்குப் பார்த்தால் 20 தலைக்கு மேல் வரும்.

"தனித்தனி காருன்னா கட்டுப்படி ஆகாது. பெரிய வண்டியா ஒண்ணு பிடிச்சிடலாம். ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டுக்கலாம்" என்று ஒருவர் சொல்வார். எல்லோரும் தலையாட்டுவார்கள். வேன் பேசி முடிந்து விடும்.

போகிற இடம் ஜவ்வாது மலை என்றால், அட்வான்ஸ் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

11 உயிர்கள்

2022-ம் ஆண்டு ஏப்ரல் 2-ந் தேதி. அன்று யுகாதி பண்டிகை. திருப்பத்தூர் மாவட்டம் புதூர்நாடு பக்கம் உள்ள மலைக்கிராமம் புலியூர். அந்த ஊர் மக்கள் சுமார் 30 பேர், செம்பரையில் உள்ள ஆஞ்சநேயர் கோவிலுக்குப் புறப்பட்டார்கள். ஏறியது சிறிய சரக்கு வேன்.

மலைப்பாதையில் ஏறும்போது வண்டி கட்டுப்பாட்டை இழந்தது. பள்ளத்தில் கவிழ்ந்தது. பெண்களும் சிறுமிகளுமாக 11 பேர் பலியானார்கள். பலர் படுகாயம் அடைந்தார்கள். சாமி கும்பிடப் போனவர்கள் வீடு திரும்பவில்லை.

மலை ஊர்களுக்கு பஸ் குறைவு. சந்தைக்கும் கோவிலுக்கும் கல்யாணத்துக்கும் அவர்கள் சரக்கு வண்டியில் ஏறுவது ஆசைப்பட்டு அல்ல. வேறு வழி இல்லாததால். கீழே ஊரில் இருந்து உல்லாசமாகப் போகிறவர்களுக்கு அந்த சாக்கு கிடையாது.

சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. இன்னொரு விஷயம் பலருக்குத் தெரியாது. கூலி கொடுத்தோ சும்மாவோ சரக்கு வண்டியில் பயணம் செய்தவர் விபத்தில் இறந்தால், நஷ்டஈடு கொடுக்கும் பொறுப்பு இன்சூரன்ஸ் கம்பெனிக்கு இல்லை என்று சுப்ரீம் கோர்ட்டு 2002-ம் ஆண்டிலேயே தீர்ப்பு கூறி இருக்கிறது. வாடகையில் மிச்சம் பிடித்த சில ஆயிரம் ரூபாய் அப்போது எந்த மூலைக்கு?

ரோடு கணக்கு

ஜவ்வாது மலை கிழக்குத் தொடர்ச்சி மலையைச் சேர்ந்தது. திருவண்ணாமலை, திருப்பத்தூர், வேலூர் மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூரில் கோமுட்டேரி படகு சவாரி, அதன் அருகில் பீமன் அருவி, காவலூரில் வைணு பாப்பு வான் ஆய்வகம் என்று பார்க்க இடங்கள் இருக்கின்றன. போளூர், ஆலங்காயம், திருப்பத்தூர் பக்கங்களில் இருந்து மலைக்கு ஏறலாம். எந்தப் பக்கம் ஏறினாலும் வளைவுகள் உண்டு.

ஒரு சின்னக் கணக்கு. ஒரு வழித்தட ரோட்டின் தார் அகலம் 3.75 மீட்டர். கிராம ரோடுகளில் 3 மீட்டர்தான் இருக்கும் இடங்களும் உண்டு. சுற்றுலா வேனின் அகலம் சுமார் 2 மீட்டர். எதிரே வரும் பஸ்சுக்கு சுமார் 2½ மீட்டர். இரண்டையும் கூட்டினால் 4½ மீட்டர். ரோடு பத்தாது! யாராவது ஒருவர் மண்ணில் இறங்கியாக வேண்டும். மழை பெய்த மறுநாள் அந்த மண் இளகி இருக்கும். வண்டி எவ்வளவு பெரியதோ அவ்வளவு சிக்கல்.

எனவே 20 பேருக்கு ஒரு பெரிய வண்டியை விட, 12 சீட் வேன் இரண்டு எடுப்பது நல்லது. வாடகை கூடத்தான் செய்யும். ஆனால் வளைவில் திரும்பும், ஒதுங்கும், ரிவர்சும் எடுக்கலாம்.

வண்டி பேசும்போது...

* நம்பர் பிளேட்டைப் பாருங்கள். மஞ்சள் போர்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். "தெரிஞ்சவர் வண்டிதான், சும்மா எடுத்துக்கலாம்" என்று வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்குப் பேசினால், பர்மிட் தகராறும் இன்சூரன்ஸ் தகராறும் கூடவே வரும்.

* ஆர்.சி. புத்தகத்தில் உள்ள சீட்டு எண்ணிக்கைக்கு மேல் ஏறக்கூடாது. எப்.சி., இன்சூரன்ஸ் தேதிகளைக் கேட்டுப் பாருங்கள். டயர் மொட்டையா, ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா, ஜாக்கி இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள்.

* "அண்ணே, மலையில ஓட்டின பழக்கம் உண்டா?" என்று டிரைவரிடமே கேட்டு விடுங்கள். முந்தின நாள் ராத்திரி அவர் தூங்கினாரா என்பதும் முக்கியம். கிலோ மீட்டர் ரேட், டிரைவர் பேட்டா, டோல், மலைக்குத் தனி சார்ஜ் எல்லாவற்றையும் முதலிலேயே பேசி எழுதி வாங்குங்கள்.

* சமையல் பாத்திரம், ஜமுக்காளம் என்று கேரியரில் அடுக்காதீர்கள். மேலே பாரம் ஏறினால் வளைவில் வண்டி சாயும்.

ஏறுகிற கியரில் இறங்கு!

மலை டிரைவர்களின் பாலபாடம் இது. ஏறும்போது எந்த கியரோ, அதே கியரில்தான் இறங்க வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டால் முழு பாரமும் பிரேக்கில் விழும். பிரேக் சூடேறி பிடிக்காமல் போய்விடும். கருகல் வாடை வந்தால் உடனே ஓரம் கட்டி ஆற விட வேண்டும்.

குறுகலான இடத்தில் ஏறி வரும் வண்டிக்கே முதல் வழி. இறங்குகிறவர்தான் ஒதுங்கி நிற்க வேண்டும். இது சட்டம். வளைவில் ஹார்ன் அவசியம். பாட்டு சத்தத்தைக் குறைத்தால்தான் எதிர் ஹார்ன் காதில் விழும்.

பஞ்சர் ஆனால்?

2023-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி. ஆம்பூர் அருகே ஓணாங்குட்டை கிராமத்தைச் சேர்ந்தவர்கள் இரண்டு வேன்களில் தர்மஸ்தலா போய்விட்டு ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள். நாட்டறம்பள்ளி அருகே ஒரு வேன் பஞ்சர் ஆனது. இறங்கியவர்கள் ரோட்டில் உட்கார்ந்து இருந்தார்கள். பின்னால் வந்த மினி லாரி நின்ற வேன் மீது மோதியது. 7 பெண்கள் பலியானார்கள். வீடு போய்ச் சேர கொஞ்ச தூரமே இருந்தது.

வண்டி நின்றால் ரோட்டை விட்டே விலகி நில்லுங்கள். குழந்தைகளை முதலில் அப்புறப்படுத்துங்கள். மலையில் எல்லா இடத்திலும் செல்போன் சிக்னல் கிடைக்காது. எனவே பொழுது சாயும் முன் அடிவாரம் வந்து சேருவது புத்திசாலித்தனம்.

"எல்லாரும் ஒரே வண்டியில போனாத்தான் ஜாலி" என்பார்கள். இரண்டு வண்டியில் போனாலும் என்ன? கோமுட்டேரி கரையில் எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிடலாம். சாயங்காலம் தலையை எண்ணினால் காலையில் எண்ணின கணக்கு அப்படியே இருக்க வேண்டும். அதுதான் முக்கியம்.