புற்றரையின் கீழ் ஒரு பட்டினம்

இங்கிலாந்தில் மக்கள் குழுவாகச் சேர்ந்து காடு, வயல், பழைய பிரபுக்களின் பூங்கா வழியே நாள் முழுக்க நடப்பதுண்டு. டோர்செற் மாவட்டத்து மில்ற்றன் அபாஸ் கிராமத்தில் அப்படியொரு குழுவுடன் நாமும் நடந்தோம்.

கிராமத் தெருவின் இருபுறமும் வெள்ளைச் சுவரும் வேய்ந்த கூரையுமாக, ஒரே அச்சில் வார்த்தாற்போல வீடுகள். பார்க்க அழகுதான். ஆனால் இது ஊரிலிருந்து அகற்றப்பட்டவர்களுக்காகக் கட்டப்பட்ட குடியேற்றம்.

தெரு முடிவில் ஏரி. மரநிழலில் அதன் கரையைத் தாண்டினால் பரந்த புற்றரையும் ஒரு பழைய மடாலயக் கோவிலும் தெரிகின்றன. 1539இல் எட்டாம் ஹென்றி மன்னன் காலத்தில் மடம் மூடப்படும்வரை ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகள் இங்கே வாழ்ந்தார்கள். கோவிலடியில் சந்தை, பள்ளிக்கூடம் என்று ஒரு சிறு பட்டினமும் இருந்தது. 1752இல் இவ்விடத்தை வாங்கிய ஜோசப் டேமர், பின்னாளில் மில்ற்றன் பிரபு ஆனவர், தமது மாளிகையின் முன்னே அது இருப்பதை விரும்பவில்லை. குத்தகைகள் முடிய முடிய வீடுகளை இடித்தார். 1780 அளவில் குடும்பங்கள் புதிய தெருவுக்கு அனுப்பப்பட்டன. ஒரு வீட்டுக்கு இரண்டு குடும்பம். 1785இல் பள்ளிக்கூடமும் வேறு நகருக்குப் போயிற்று. ஒரு வழக்கறிஞர் மட்டும் குத்தகையை விட மறுத்தார். பிரபு மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் வெள்ளம் விட்டதாகவும், அவர் வழக்காடி வென்றதாகவும் சொல்கிறார்கள். புற்றரையில் இன்றும் மேடுபள்ளங்கள் உண்டு. அவை வீடுகளும் தெருக்களும் இருந்த இடங்கள்.

காணி தனியாருடையதாயினும், அதனூடாகச் செல்லும் பொதுநடைபாதையில் எவரும் நடக்கலாம் என்பது அந்நாட்டுச் சட்டம். மக்கள் 20 ஆண்டுகள் தடையின்றி, உரிமையாகவே நடந்துவந்த பாதை பொதுப்பாதை எனக் கொள்ளப்படும் என்று 1932ஆம் ஆண்டுச் சட்டம் வகுத்தது. 1949ஆம் ஆண்டுச் சட்டம் அப்பாதைகளை வரைபடத்தில் குறிக்கச் சொன்னது. குறித்த பாதையைக் காணிக்காரர் தம் விருப்பப்படி வேலியடைக்க முடியாது.

எமது உறுதிகளிலும் 'வழிவாய்க்கால்' உரிமை எழுதப்படுவதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் உறுதி தொலைந்து, வேலி அழிந்து, பற்றை மூடிய பிறகு ஒழுங்கை எது, வளவு எது என்று யார் சொல்வார்? பெரியவர்கள் இருக்கும்போதே ஒரு கொப்பியில் கீறி வையுங்கள்: வண்டிப்பாதை, பொதுக்கிணறு, வாய்க்கால், குளக்கட்டு, எல்லைப் பனை, நாற்புறமும் இருந்த அயலவர் பெயர். கீறியவர் பெயரும் திகதியும் கீழே இருக்கட்டும்.