வீட்டுத்தோட்டத்திற் சரளைக்கல் பரப்புதல்

உலர் வலயத்தில் வைகாசி முதல் ஆவணி வரை மழை அரிது. அக்காலத்தில் வெறும் நிலத்தின் ஈரம் விரைவில் ஆவியாகிவிடும். 2 அங்குலத் தடிப்பிற் சரளைக்கல் பரப்பின் இவ்விழப்புக் குறையும். கூரைநீர் விழுமிடத்தில் மண்ணரிப்பும் தடைப்படும்.

ஆயினும், எல்லா இடத்துக்கும் கல் ஏற்றதன்று. கத்தரி, மிளகாய் முதலியவற்றைப் பருவந்தோறும் கொத்திப் பயிரிடும் பாத்தியிற் கல்லைப் பரப்பலாகாது. மண்ணோடு கலந்த கல்லைப் பின்னர்ப் பிரித்தெடுத்தல் பெரும்பாடு. கல் உக்கி உரமாவதில்லை. வெயிலிற் சூடேறி இளநாற்றுக்களை வாட்டவுங்கூடும். பாத்திகளுக்கு வைக்கோலும் சீமைக்கிளுவைத் தழையுமே சிறந்தவை. அவை ஈரத்தைக் காத்துப் பின்னர் மண்ணுக்கு உரமுமாகும்.

நடைபாதை, கிணற்றடி, கூரைத் தாழ்வாரம், மா போன்ற நெடுங்கால மரங்களின் அடி ஆகியவையே கல்லுக்குரிய இடங்கள். பரப்பும் முறை வருமாறு:

1. களைகளை, விசேடமாகக் கோரையை, கிழங்குடன் அகற்றுக.
2. மரத்தடியாயின் மண்ணை நன்கு நனைத்தபின் கல்லைப் பரப்புக.
3. அடிமரத்தைச் சுற்றி அரை அடி வெறுமையாக விடுக.
4. உதிரும் சருகை அவ்வப்போது கூட்டி அகற்றுக. அது உக்கினாற் கல்லிடையே களை முளைக்கும்.

யாழ்ப்பாணத்துச் சுண்ணாம்புக்கற் சல்லியை எலுமிச்சை, தோடை ஆகியவற்றின் அடியில் இடற்க. அது மண்ணின் காரத்தன்மையைக் கூட்டுவதால் இலைகள் மஞ்சளிக்கும்.

கல்லைச் சுமந்து வருமுன், அவ்விடத்தை மீண்டும் கொத்த வேண்டிவருமா என்பதைச் சிந்தித்தல் நன்று.