வண்டிக் கடைக்கு ஏற்ற குளிர்பெட்டியும் பேட்டரியும்

கடையில் உட்கார்ந்து வாடிக்கையாளரை எதிர்பார்த்த காலம் மாறி, சரக்கை அவர் இருக்கும் இடத்துக்கே கொண்டு சென்று விற்கும் வணிகம் பெருகி வருகிறது. வாரச் சந்தை, தேர்த்திருவிழா, புறநகர்க் குடியிருப்பு என்று வண்டிக் கடை போகாத இடம் இல்லை. மளிகைச் சாமான் ஒரு நாள் வெயிலைத் தாங்கும். பாலும் தயிரும் பன்னீரும் தாங்குமா? அவற்றை 5 டிகிரிக்குக் கீழே வைத்தாக வேண்டும். ஒரு நாள் குளிர் தவறினால் அன்றைய முதல் போகும். கெட்ட பால் வாங்கிய வாடிக்கையாளரும் போவார். முதலைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம், போன பெயரைச் சேர்ப்பது கடினம்.

மேலை நாடுகளில் கேரவன் வண்டிகளில் ஊர் சுற்றுவோர் பயன்படுத்தும் பேட்டரிக் குளிர்பெட்டிகள் இப்போது நம் ஊரிலும் கிடைக்கின்றன. விலை கொடுக்குமுன் வணிகப் பெருமக்கள் தெரிந்துகொள்ள வேண்டியவற்றை இங்கே தருகிறோம்.

மூன்று வகைப் பெட்டிகள்

முதல் வகை, கம்ப்ரசர் இல்லாத சிறிய மின் குளிர்பெட்டி. விலை குறைவு, எடையும் குறைவு. ஆனால் வெளிவெப்பத்தைவிட 15 முதல் 20 டிகிரி வரைதான் குறைக்கும். வெளியே 38 டிகிரி என்றால் உள்ளே 18-க்குக் கீழே போகாது. குடிநீர் பாட்டிலுக்குச் சரி, பாலுக்கு உதவாது.

இரண்டாவது, எரிவாயுவில் இயங்கும் பெட்டி. 1922-இல் சுவீடன் மாணவர்களான பிளாட்டன், முன்டர்ஸ் இருவரும் கண்டுபிடித்த முறை இது. சத்தமே இருக்காது. ஆனால் சமதளத்தில் நிற்க வேண்டும். கடும் வெயிலில் திணறும். ஓடும் வண்டியில் எரிவாயுச் சுடர் ஆபத்து. பேட்டரியில் ஓட்டினாலோ மின்சாரத்தை விழுங்கும்.

மூன்றாவது, 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் கம்ப்ரசர் பெட்டி. விலை கூடுதல்தான், ஆனாலும் நம் வெயிலுக்கும் நம் தொழிலுக்கும் ஏற்றது இதுவே. மூடி மேல்பக்கம் திறப்பதாக வாங்குங்கள். குளிர்காற்று கனமானது, முன்பக்கக் கதவைத் திறந்தால் கீழே வழிந்து போய்விடும். வீட்டு ஃபிரிட்ஜை இன்வெர்ட்டர் வைத்து வண்டியில் ஓட்டலாமே என்று கேட்கலாம். இன்வெர்ட்டரே ஒரு பங்கு மின்சாரத்தைத் தின்னும். கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு மின்சாரம் இழுக்கும். அது கட்டுபடியாகாது.

பேட்டரிக் கணக்கு

கணக்குப் போடாமல் பேட்டரி வாங்குவது, எடை போடாமல் சரக்கு வாங்குவது போல. 40 லிட்டர் கம்ப்ரசர் பெட்டி ஓடும்போது சுமார் 50 வாட் எடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேர விற்பனையில், அடிக்கடி திறப்பதால் 6 மணி நேரம் ஓடினால் 300 வாட்-மணி. விளக்கு, மின்தராசு, கைப்பேசிக்கு 70. ஆக 370. வெயில் கூடினால் என்று 20 சதம் சேர்த்தால் சுமார் 450.

சாதாரண அமில பேட்டரியில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும். எனவே 900 வாட்-மணி கொள்ளளவு வேண்டும். அதாவது 12 வோல்ட்டில் 75 ஏ.எச். லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதம் வரை எடுக்கலாம், 50 ஏ.எச். போதும். இதன் விலை அதிகம். ஆனால் எடையில் பெருத்த வேறுபாடு உண்டு. 150 ஏ.எச். டியூபுலர் பேட்டரி 50 கிலோவைத் தாண்டும், 100 ஏ.எச். லித்தியம் ஏறத்தாழ 12 கிலோதான். இரண்டிலிருந்தும் எடுக்கக்கூடிய மின்சாரம் ஏறத்தாழ சமம். மிச்சமாகும் எடைக்குச் சரக்கு ஏற்றலாம். தினமும் வண்டி எடுப்பவருக்கு லித்தியம்; மாதம் இரண்டு சந்தைக்குப் போகிறவருக்கு அமில பேட்டரி என்பது பொருத்தமான முடிவு.

திருவிழாவில் இரண்டு, மூன்று நாள் தங்குவதானால் 200 வாட் சோலார் தகடு ஒன்று வண்டிக் கூரையில் இருக்கட்டும். நல்ல வெயிலில் நாளொன்றுக்கு 700 வாட்-மணி வரை எதிர்பார்க்கலாம். மழை நாளில் அதை நம்பக் கூடாது.

செலவில்லாத சிக்கனம்

10 லிட்டர் தண்ணீரை 32 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவர, அதிலிருந்து சுமார் 314 வாட்-மணி வெப்பத்தை வெளியேற்ற வேண்டும். சூடான சரக்கை வண்டியில் ஏற்றிப் பேட்டரியால் குளிர வைப்பது வீண் செலவு. முதல் நாள் இரவே வீட்டு மின்சாரத்தில் பெட்டியையும் சரக்கையும் குளிர வைத்துவிடுங்கள். உறைந்த தண்ணீர் பாட்டில்கள் சிலவற்றைச் சேர்த்து வையுங்கள். 1 கிலோ ஐஸ் உருகும்போது 93 வாட்-மணி வெப்பத்தை உறிஞ்சும். காசில்லாத பேட்டரி அது!

கவனத்தில் கொள்ள வேண்டியவை

1. வண்டியைக் கிளப்பும் பேட்டரியில் பெட்டியை இணைக்காதீர்கள். தனிப் பேட்டரி வையுங்கள். டைனமோவிலிருந்து அதற்குச் சார்ஜ் ஏற்ற உரிய சார்ஜர் வேண்டும்.

2. மெல்லிய ஒயர் போடாதீர்கள். 5 மீட்டர் தூரத்துக்கு 1.5 சதுர மி.மீ. ஒயரில் 5 ஆம்பியர் ஓடினால் அரை வோல்ட்டுக்கு மேல் இழப்பு. பேட்டரியில் சார்ஜ் இருந்தும் பெட்டி நின்றுவிடும். 4 சதுர மி.மீ. ஒயரில் கால் வோல்ட்டுக்குள் அடங்கும்.

3. பேட்டரிக்கு அருகிலேயே ப்யூஸ் அவசியம். அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வாயு வரும். காற்றோட்டம் இருக்க வேண்டும்.

4. பெட்டிக்குள் ஒரு தெர்மாமீட்டர் தொங்கட்டும். கையால் தொட்டுப் பார்த்துச் சில்லென்று இருக்கிறது என்பது கணக்காகாது.

வாங்கும்போது உத்தரவாத அட்டையும் ரசீதும் கேட்டுப் பெறுங்கள். பழுது பார்க்க உள்ளூரில் ஆள் உண்டா என்றும் விசாரியுங்கள். சரக்கேற்றி வியாபாரத்துக்குப் புறப்படுமுன், வெறும் தண்ணீர் பாட்டில்களை வைத்து ஒரு முழு நாள் வெயிலில் ஓட்டிப் பாருங்கள். மாலையிலும் தெர்மாமீட்டர் 5-ஐத் தாண்டாமல் நின்றால், மறுநாள் தைரியமாகப் பாலை ஏற்றலாம்.