திருச்சியில் தயாரான ‘பம்ப்’ துப்பாக்கி: பறக்கும் தட்டைச் சுடும் விளையாட்டுக்கு அது போதுமா?

திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலை என்றதும் ராணுவத்துக்கான ரைஃபிள்கள்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். 1960-களில் தொடங்கப்பட்ட அந்த ஆலை, உரிமம் வைத்திருக்கும் பொதுமக்களுக்காக 12 போர் ‘பம்ப் ஆக்‌ஷன்’ துப்பாக்கியையும் தயாரித்திருக்கிறது. 2021 அக்டோபரிலிருந்து ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். என்ற அரசு நிறுவனத்தின் கீழ் ஆலை இயங்குகிறது.

அதே திருச்சிக்குப் பக்கத்து ஊரான புதுக்கோட்டையின் பிருத்விராஜ் தொண்டைமான், பறக்கும் தட்டைச் சுடும் ‘டிராப்’ போட்டியில் இந்தியாவுக்காக ஆடுபவர். 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் கைனன் செனாய், ஜோராவர் சிங் சந்துவுடன் சேர்ந்து அணிப் பிரிவில் தங்கம் வென்றார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கிலும் களமிறங்கினார்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் துறையூர் இளைஞருக்கு ஒரு கேள்வி வருவது இயல்பு. ‘நம்மூர்லயே செஞ்ச, விலை குறைஞ்ச பம்ப் துப்பாக்கி ஒண்ணு வாங்கி நாமளும் தட்டு சுடலாமே?’ சுடலாம். ஆனால் அதில் சில ‘ஆனால்’கள் இருக்கின்றன.

முதலில், இது என்ன விளையாட்டு?

பெயர் ‘கிளே டார்கெட்’. ஆனாலும் இப்போதைய தட்டில் களிமண் கிடையாது. சுண்ணாம்புக்கல் தூளையும் ‘பிட்ச்’ எனப்படும் கீல் போன்ற பொருளையும் சேர்த்து வார்க்கிறார்கள். சர்வதேசப் போட்டித் தட்டின் அகலம் 110 மில்லிமீட்டர், எடை சுமார் 105 கிராம். உள்ளங்கையில் அடங்கிவிடும்.

ஒலிம்பிக் டிராப்பில், பள்ளத்துக்குள் இருக்கும் 15 எந்திரங்களில் ஏதோ ஒன்று தட்டை வீசும். 15 மீட்டர் பின்னால் நிற்கும் வீரருக்கு அது எந்தத் திசையில் போகும் என்று தெரியாது. குரல் கொடுத்ததும் தட்டு பறக்கும். அதைச் சுட இரண்டு தோட்டாக்கள் வரை அனுமதி. ஒரு சுற்றுக்கு 25 தட்டுகள், தகுதிச் சுற்றுகளில் மொத்தம் 125.

தோட்டாவுக்குள் ஒற்றைக் குண்டு இருக்காது. 24 கிராம் எடைக்குள் கிட்டத்தட்ட 300 பால்ரஸ் குண்டுகள் இருக்கும். அவை விரிந்துகொண்டே போகும். தட்டில் கண்ணுக்குத் தெரியும் ஒரு துண்டு உடைந்தாலும் புள்ளி கிடைக்கும்.

பம்ப் துப்பாக்கி என்றால்?

குழலுக்குக் கீழே இருக்கும் கைப்பிடியைப் பின்னால் இழுத்தால் சுட்ட தோட்டாவின் கூடு வெளியே விழும். முன்னால் தள்ளினால் அடுத்த தோட்டா உள்ளே ஏறும். உள்ளே பாகங்கள் குறைவு, அதனால் விலையும் குறைவு.

அமெரிக்காவில் பலருக்கும் முதல் துப்பாக்கி இதுதான். 1950-ல் வந்த ‘ரெமிங்டன் 870’ ஒரு மாடல் மட்டுமே 1 கோடிக்கு மேல் தயாரானது. அதே ஆண்டு ரூடி எட்சென் என்ற வீரர் அந்தத் துப்பாக்கியால், இரண்டிரண்டாகப் பறந்த 100 தட்டுகளையும் தவறாமல் உடைத்தார். ஆக, பம்ப் துப்பாக்கியால் தட்டு உடைக்க முடியுமா என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிட்டது.

அப்போ சிக்கல் எங்கே?

முதல் சிக்கல் விதிப் புத்தகத்தில். ஐ.எஸ்.எஸ்.எஃப். என்ற சர்வதேச துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பின் ஷாட்கன் விதிகள் பம்ப் ஆக்‌ஷனை அனுமதிப்பதில்லை. நம் தேசிய ரைஃபிள் சங்கமான என்.ஆர்.ஏ.ஐ. நடத்தும் போட்டிகளும் அந்த விதிகளின் வழியில் நடப்பவைதான். பொழுதுபோக்குக்கு ஓகே. மாநிலப் போட்டி, தேசியப் போட்டி என்று கனவு இருந்தால், பம்ப் துப்பாக்கி உங்களை அங்கே கொண்டுபோகாது.

அங்கே எல்லோர் கையிலும் இருப்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு குழல் வைத்த ‘ஓவர் அண்ட் அண்டர்’. முதல் குண்டு தவறினால் இரண்டாவது குழல் தயார், விசையை மறுபடி அழுத்தினால் போதும். பம்ப்பில் கையை இழுத்துத் தள்ளி, மறுபடி குறிபார்க்க வேண்டும். அதற்குள் தட்டு ரொம்ப தூரம் போயிருக்கும்.

இரண்டாவது சிக்கல், எந்த வேலைக்காகச் செய்த துப்பாக்கி என்பது. காவல் பணிக்கான பம்ப் துப்பாக்கிகளில் பொதுவாகக் குழல் குட்டையாக இருக்கும். தட்டு சுடுபவர்கள் 28 முதல் 32 அங்குலக் குழல்களை விரும்புகிறார்கள். நீளமான குழல் தட்டோடு சேர்ந்து சீராக நகரும். எடை குறைந்த துப்பாக்கி தோளில் உதைப்பதும் அதிகம். 25 தோட்டா சுட்ட பிறகு தோள்பட்டையே சொல்லிவிடும்.

உண்மையான செலவு எது?

தள்ளுபடியில் பைக் வாங்கியவருக்கும் பெட்ரோல் விலை ஒன்றுதான். இங்கே பெட்ரோல் தோட்டா. மாதம் 4 சுற்று சுட்டால் 100 தட்டு, குறைந்தது 100 தோட்டா. ஆண்டுக்கு 1,200. துப்பாக்கியில் மிச்சம் பிடித்த பணம் இதில் சீக்கிரமே கரைந்துவிடும். கிளப் கட்டணமும், ரேஞ்சுக்குப் போய்வரும் செலவும் தனி.

உரிமம் எப்படி?

12 போர் துப்பாக்கிக்கு 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் கட்டாயம். பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். துறையூர்க்காரர் என்றால் திருச்சி மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பிக்க வேண்டும். போலீஸ் விசாரணை நடக்கும். 2016 ஆயுத விதிகளின்படி பாதுகாப்புப் பயிற்சி முடித்த சான்றும் மருத்துவச் சான்றும் தேவை. எத்தனை தோட்டா வைத்திருக்கலாம் என்பதும் உரிமத்தில் இருக்கும்.

2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் அதிகபட்சம் 2 துப்பாக்கிகள்தான் வைத்திருக்கலாம். விளையாட்டு வீரர்களுக்கு மட்டும் தனி விலக்குகள் உண்டு. உரிமம் 5 ஆண்டுகள் செல்லும்.

‘நம்ம தோப்புல வச்சு சுட்டா என்ன?’

இந்தக் கேள்விதான் ஆபத்தானது. பால்ரஸ் குண்டுகள் 200 மீட்டர் வரைகூடப் போய் விழும். தென்னந்தோப்புக்கு அந்தப் பக்கம் யார் ஆடு மேய்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. அதனால்தான் முறையான ரேஞ்சில் முன்னால் பெரிய வெற்றிடம் விட்டிருப்பார்கள். அலட்சியமாகவோ கொண்டாட்டத்துக்காகவோ சுட்டு மற்றவர் உயிருக்கு ஆபத்து ஏற்படுத்தினால் 2 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பச்சைமலை அடிவாரத்து ஊருக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். ‘யார்கிட்டயோ நாட்டுத் துப்பாக்கி இருக்கு, அதுல பழகிக்கலாம்’ என்ற பேச்சே வேண்டாம். உரிமம் இல்லாத துப்பாக்கி வைத்திருந்தால் குறைந்தபட்சமே 2 ஆண்டு சிறை, அதிகபட்சம் 5 ஆண்டு. காட்டுக்குள் வேட்டை என்றால் 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் சேர்ந்துகொள்ளும்.

அப்போ எங்கிருந்து ஆரம்பிப்பது?

அமெரிக்காவில் பலரும் துப்பாக்கி வாங்கிவிட்டு ரேஞ்சைத் தேடுவார்கள். இங்கே வரிசையைத் தலைகீழாகப் போடுங்கள்.

1. முதலில் கிளப். திருச்சி ரைஃபிள் கிளப், புதுக்கோட்டையின் ராயல் புதுக்கோட்டை ஸ்போர்ட்ஸ் கிளப் போன்ற இடங்களில் விசாரியுங்கள். ஷாட்கன் பயிற்சி இருக்கிறதா, புதியவருக்கு கிளப் துப்பாக்கி கொடுப்பார்களா என்பதை நேரடியாகக் கேளுங்கள்.

2. பயிற்சியாளர் மேற்பார்வையில் சில சுற்றுகள் சுட்டுப் பாருங்கள். உதை தாங்குகிறதா, மாதச் செலவு கட்டுப்படியாகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

3. ஆர்வம் நீடித்தால் பாதுகாப்புப் பயிற்சி, பிறகு உரிம விண்ணப்பம்.

4. கடைசியில்தான் துப்பாக்கி. வார இறுதிப் பொழுதுபோக்கு மட்டும் என்றால், நீளக் குழல் கொண்ட பம்ப் போதும். போட்டிதான் இலக்கு என்றால் இரட்டைக் குழலுக்குக் காசு சேருங்கள்.

போட்டி ஆசை உண்டு, ஆனால் பட்ஜெட் இல்லை என்பவர்களுக்கு 10 மீட்டர் ஏர் ரைஃபிள் இன்னொரு வழி. 20 ஜூலுக்கு மிகாத, 0.177 அங்குலத்துக்கு மிகாத ஏர் ரைஃபிளுக்கு உரிமம் தேவையில்லை. தட்டு பறக்காது, ஆனால் ஒலிம்பிக் வரை போகும் பாதை அதுவும்தான்.