சாமானியரின் செருப்புக்கு யார் பொறுப்பு?

புதுதில்லி: தில்லி அரசியலில் ஹவாய் செருப்புக்குத் தனி மரியாதை உண்டு. ரயில்வே அமைச்சராக இருந்தபோதும் சரி, 2011 மே மாதம் மேற்கு வங்க முதல்வராகப் பொறுப்பேற்றபோதும் சரி, பருத்திச் சேலையும் ஹவாய் செருப்பும்தான் மம்தா பானர்ஜியின் அடையாளம். 2017 ஏப்ரல் 27-ஆம் தேதி சிம்லாவில் "உடான்" விமானப் போக்குவரத்துத் திட்டத்தைத் தொடங்கிவைத்த பிரதமர் நரேந்திர மோடியும் அதே செருப்பைத்தான் துணைக்கு அழைத்தார். ஹிந்தியில் விமானத்தின் பெயர் "ஹவாய் ஜஹாஜ்". ஹவாய் செருப்பு அணிந்தவரும் அதில் பறக்க வேண்டும் என்ற அவரது சிலேடை, பின்னர் அரசு விழாக்களில் பலமுறை ஒலித்தது.

எதிரெதிர் அணிகளில் நிற்பவர்கள் எளிமைக்கு அடையாளமாக ஒரே பொருளைக் கையில் எடுத்தார்கள் என்றால், அந்தப் பொருள் நாட்டில் எத்தனை கோடிக் கால்களில் இருக்கிறது என்பதைத் தனியே சொல்லத் தேவையில்லை. ஆனால், அந்தச் செருப்பு எத்தனை மாதம் உழைக்கும், காலைப் பாதுகாக்குமா, அதை வாங்கும் ஏழை எவ்வளவு வரி கட்டுகிறார் என்ற கேள்விகளை மேடைகளில் கேட்க முடிவதில்லை.

நெடுஞ்சாலை சொன்ன செய்தி

அந்தக் கேள்விகள் இருமுறை நாட்டின் கண்முன் வந்து நின்றன. 2018 மார்ச் மாதம் நாசிக்கிலிருந்து மும்பைக்கு ஏறத்தாழ 180 கிலோ மீட்டர் நடந்து வந்த விவசாயிகளில் பலரது செருப்புகள் வழியிலேயே பிய்ந்துபோயின. தோலுரிந்து, கொப்புளம் வெடித்த பாதங்களின் படங்கள் நாளிதழ்களின் முதல் பக்கத்தில் இடம்பெற்றன. அவர்களது கோரிக்கை வன நில உரிமையும் கடன் தள்ளுபடியும். ஆனால், மும்பைவாசிகள் முதலில் கொண்டுவந்து கொடுத்தவற்றில் உணவோடும் குடிநீரோடும் செருப்புகளும் இருந்தன.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2020 மார்ச் இறுதியில் பொதுமுடக்கம் அறிவிக்கப்பட்டதும், தில்லியின் ஆனந்த் விஹார் பேருந்து நிலையத்தை நோக்கியும், அங்கிருந்து உத்தரப் பிரதேசம், பிகார் நோக்கியும் கூலித் தொழிலாளர்கள் நடக்கத் தொடங்கினர். தலையில் மூட்டை, இடுப்பில் குழந்தை, காலில் ஹவாய் செருப்பு. வீட்டிலிருந்து வேலைக்குச் சென்று திரும்புவதற்காக வாங்கிய செருப்பு, நூற்றுக்கணக்கான கிலோ மீட்டர் தார்ச்சாலையைத் தாங்கவில்லை. வார் அறுந்தவர்கள் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தனர். அதுவும் போனபின் வெறுங்காலோடு நடந்தனர். வழியெங்கும் நல்லுள்ளம் படைத்தவர்கள் சாலையோரம் செருப்புகளை அடுக்கி வைத்து வழங்கியதையும் நாடு பார்த்தது.

எங்கே அறுகிறது?

ஜப்பானியரின் "ஜோரி" என்ற காலணியின் வடிவமும், ஹவாய் தீவுகளின் பெயரும் சேர்ந்து உருவானது இச்செருப்பு. கேரளத்தின் கோட்டயம், கோழிக்கோடு, தில்லியை ஒட்டிய ஹரியாணாவின் பஹதூர்கட் ஆகிய இடங்களில் பெரிய அளவில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் செருப்புகள் உற்பத்தியாகின்றன. இவை தவிர, பெயரே இல்லாமல் சந்தைக்கு வரும் செருப்புகள் ஏராளம்.

இதன் அமைப்பில் ஒளிவுமறைவு ஏதுமில்லை. காற்று நுண்ணறைகள் நிறைந்த ஒரு ரப்பர் தட்டு. அதில் மூன்று துளைகள். அவற்றில் செருகிய ஒரு வார். நல்ல ரப்பர் மிதித்ததும் அமுங்கி, காலை எடுத்ததும் பழைய நிலைக்குத் திரும்பும். விலையைக் குறைப்பதற்காகச் சுண்ணாம்புத் தூள் போன்ற கலப்புப் பொருள்களை அளவுக்கு மீறிச் சேர்த்தால் தட்டு கனக்கும், நெகிழ்வு குறையும், விரைவில் வெடிக்கும். குதிகால் அழுந்தும் இடம் சில வாரங்களிலேயே பள்ளமாகும். பெருவிரல் அருகே உள்ள துளை அகன்று, வாரின் குமிழ் வெளியே வந்துவிடும். அடிப்பகுதியின் வரிகள் தேய்ந்துவிட்டால் ஈரத் தரையில் வழுக்கும். தில்லியின் மே மாத வெயிலில் வாசலில் கிடந்தால் மட்டமான செருப்பு சுருங்கி, குதிகால் வெளியே நீளும்.

உழைப்பைப் போலவே சொகுசிலும் சிக்கல் உண்டு. குதிகாலைப் பிடித்துக்கொள்ள வார் இல்லாததால், செருப்பு நழுவாமலிருக்க ஒவ்வோர் அடிக்கும் கால்விரல்கள் இறுகப் பற்ற வேண்டியிருக்கிறது. வீட்டுக்குள்ளும் தெருமுனைக் கடை வரையிலும் இது தெரியாது. நாள் முழுவதும் நின்றும் நடந்தும் உழைப்பவருக்கு மாலையில் கால் வலியாகத் தெரியும். நீரிழிவால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். செருப்பு கழன்றதும் தெரியாது. முள் ஏறியதும் தெரியாது. அதனால்தான் அவர்களைக் குதிகால் வார் உள்ள, மிருதுவான செருப்பை அணியுமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர்.

இதில் தமிழகத்துக்கு ஒரு பெருமை உண்டு. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய டாக்டர் பால் பிராண்டும் அவரது குழுவினரும், தொழுநோயால் உணர்விழந்த பாதங்களைப் புண்ணிலிருந்து காக்க, இதே வகை நுண்ணறை ரப்பரைக் கொண்டு செருப்புகளை உருவாக்கினர். சரியான ரப்பர், சரியான வார் இருந்தால், மலிவான செருப்பே மருந்தாகவும் ஆகும் என்பதற்கு அது சான்று.

ஒத்திவைப்பு இல்லாத வரி

2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபோது, 500 ரூபாய்க்கு உள்பட்ட காலணிகளுக்கு 5 சதவீதமும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு 18 சதவீதமும் வரி விதிக்கப்பட்டது. 2018 ஜூலையில் 5 சதவீத வரிக்கான உச்சவரம்பு 1,000 ரூபாயாக உயர்ந்தது. அதுவரை எல்லாம் நுகர்வோருக்குச் சாதகமாகவே இருந்தது.

2021 செப்டம்பரில் லக்னௌவில் கூடிய ஜிஎஸ்டி கவுன்சில், ஜவுளி, காலணி ஆகிய இரண்டின் வரி அமைப்பையும் 2022 ஜனவரி 1 முதல் மாற்ற முடிவு செய்தது. மூலப்பொருளுக்கு அதிக வரி, விற்பனைப் பொருளுக்குக் குறைந்த வரி என்ற முரண்பாட்டைச் சரிசெய்வதே நோக்கம் என்று விளக்கம் தரப்பட்டது. மாநிலங்கள் எதிர்ப்புத் தெரிவித்தன. அமலாவதற்கு முதல் நாளான டிசம்பர் 31-ஆம் தேதி அவசரமாகக் கூடிய கவுன்சில், ஜவுளி மீதான வரி உயர்வை ஒத்திவைத்தது. செருப்புக்கு அந்தச் சலுகை கிடைக்கவில்லை. மறுநாள் முதல் 1,000 ரூபாய்க்கு உள்பட்ட காலணிகளின் வரி 5 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக உயர்ந்தது. வரி சேராமல் 150 ரூபாய் விலையுள்ள ஒரு ஜோடிக்கு ஏழரை ரூபாயாக இருந்த வரி, ஒரே இரவில் 18 ரூபாயானது.

இந்த நிலை மாற மூன்றே முக்கால் ஆண்டுகள் ஆயின. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி கூடிய கவுன்சில், 2,500 ரூபாய் வரையிலான காலணிகளுக்கு 5 சதவீதம் என்று முடிவெடுத்தது. செப்டம்பர் 22 முதல் அது அமலானது. நிம்மதிதான். ஆயினும், 100 ரூபாய் ரப்பர் செருப்பும் 2,500 ரூபாய்க் காலணியும் இப்போது ஒரே வரிப்படியில் நிற்கின்றன. சலுகையின் பெரும்பகுதி யாருக்குப் போகிறது என்பதைக் கணக்கிட அதிக நேரம் ஆகாது.

முத்திரையும் முணுமுணுப்பும்

தரத்தை உறுதி செய்ய அரசு எடுத்த முயற்சியையும் குறிப்பிட வேண்டும். ரப்பர் ஹவாய் செருப்புக்கென்றே இந்திய தர நிர்ணய அமைவனத்திடம் "ஐஎஸ் 10702" என்ற தரநிலை நெடுநாளாக இருந்துவந்தது. ஆனால், அதைப் பின்பற்றுவது கட்டாயமாக இல்லை. காலணிகளுக்கான தரக் கட்டுப்பாட்டு ஆணைகள் 2020-இல் பிறப்பிக்கப்பட்டு, பலமுறை தள்ளிவைக்கப்பட்டு, 2023 ஜூலை 1 முதல் பெரிய, நடுத்தர நிறுவனங்களுக்கு நடைமுறைக்கு வந்தன. சிறு, குறு தொழிற்கூடங்களுக்குக் கூடுதல் அவகாசம் அளிக்கப்பட்டது.

இங்கு இருதரப்பிலும் நியாயம் இருக்கிறது. சோதனைக் கட்டணம், உரிமம், ஆய்வு என்று அடுக்கினால், பத்துப் பேரை வைத்துத் தொழில் நடத்துபவரால் தாங்க முடியாது. அதேசமயம், மூன்று மாதத்தில் அறுந்துபோகும் செருப்பை ஆண்டுக்கு நான்கு முறை வாங்குபவர், ஓராண்டு உழைக்கும் செருப்பை வாங்குபவரைவிட அதிகம் செலவழிக்கிறார். முத்திரை இல்லாத மலிவுச் செருப்பு உண்மையில் மலிவானதல்ல. சிறு உற்பத்தியாளர்களுக்கு அவர்களது பகுதியிலேயே அரசு செலவில் பொதுச் சோதனைக் கூடம் அமைத்துத் தருவதே இரண்டுக்கும் நடுவே உள்ள வழி.

2025-26 பட்ஜெட்டில் காலணி, தோல் துறைக்கென அறிவிக்கப்பட்ட சிறப்புத் திட்டம், 22 லட்சம் பேருக்கு வேலை, 4 லட்சம் கோடி ரூபாய் விற்றுமுதல், 1.1 லட்சம் கோடிக்கு மேல் ஏற்றுமதி என்று இலக்குகளை அடுக்கியது. தோல் அல்லாத காலணிகளின் வடிவமைப்பு, உதிரிப்பாகம், இயந்திரம் ஆகியவற்றுக்கும் அதில் ஆதரவு உறுதியளிக்கப்பட்டது. அந்த ஆதரவு ஏற்றுமதி நிறுவனங்களோடு நின்றுவிடாமல், உள்ளூர்ச் சந்தைக்குச் செருப்பு செய்பவரையும் எட்ட வேண்டும்.

நம் காலின் அளவு

செருப்பு காலைக் கடிப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நாம் இன்றளவும் பயன்படுத்தி வருவது ஆங்கிலேயர் விட்டுச் சென்ற அளவு முறை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானிகள் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடெங்கும் 79 இடங்களில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை அளந்தனர். இந்தியப் பாதம் ஐரோப்பியப் பாதத்தைவிட அகலமானது என்பது அதில் உறுதியானது. அகலம் போதாததால் நீளம் அதிகமான காலணியை வாங்கி நாம் சமாளித்து வந்திருக்கிறோம். "பா" என்ற பெயரில் இந்தியாவுக்கென எட்டு பிரிவுகள் கொண்ட புதிய அளவு முறையை அவர்கள் பரிந்துரைத்தனர்.

கரோல் பாக் சந்தையின் நடைபாதையில் அமர்ந்திருக்கும் செருப்பு தைக்கும் தொழிலாளிக்கு இந்த ஆய்வுகள் எதுவும் தேவைப்படவில்லை. என் செருப்பின் அறுந்த வாரை மாற்றித் தந்தவர், தட்டை இருவிரலால் வளைத்துப் பார்த்துவிட்டு, புது வார் போட்டாலும் இது மழைக்காலத்தைத் தாண்டாது என்றார். விலையைக் கேட்டார், சொன்னேன். சிரித்தார். அவர் காலில் இருந்த செருப்பில் மூன்று இடங்களில் தையல் இருந்தது.

எளிமையின் சின்னமாக ஹவாய் செருப்பைக் காட்டும் தலைவர்கள், அடுத்தமுறை அதைப் பற்றிப் பேசும்போது, அது எத்தனை நாள் உழைக்கிறது என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். விமானத்தில் ஏறுவதற்கு முன், அந்தச் செருப்பு விமான நிலையம் வரையிலாவது அறுந்துபோகாமல் இருக்க வேண்டுமல்லவா?